கண்மாய்க் கரையில் பொங்கல் பறவைக் கணக்கெடுப்பு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மார்கழி பாதி தாண்டியதும் டீக்கடையில் இந்தக் கேள்விகள் ஆரம்பித்துவிடும். பிறகு வாட்ஸ்அப்பில் வரும். ஊருக்கு வந்த மருமகப்பிள்ளைகள் கேட்பார்கள், அவர்களைக் கூட்டிவந்த மாமனாரும் கேட்பார். தனித்தனியாகச் சொல்லி மாளவில்லை. அதனால் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். எங்கள் ஊர் மேலூருக்குக் கிழக்கே இருக்கிறது. எங்கள் கண்மாயை மனதில் வைத்து எழுதியிருந்தாலும், நீர்நிலை இருக்கிற எந்த ஊருக்கும் பெரும்பாலும் பொருந்தும்.

இது என்ன கணக்கெடுப்பு? யார் நடத்துகிறார்கள்?

பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு. தமிழ்நாட்டுப் பறவை ஆர்வலர்கள் 2015 முதல் ஆண்டுதோறும் பொங்கலை ஒட்டிய நான்கு நாட்களில் நடத்திவருகிறார்கள். அந்த நாட்களில் நீங்கள் எங்கே இருந்தாலும், வீட்டு மொட்டை மாடியோ வயல் வரப்போ, குறைந்தது 15 நிமிடம் நின்று கண்ணில் பட்ட, காதில் விழுந்த பறவைகளை எண்ணி, ஈ-பேர்ட் என்ற இணையத்தளத்தில் பதிவு செய்தால் போதும். கட்டணமோ உறுப்பினர் அட்டையோ கிடையாது. வனத்துறை நடத்தும் கணக்கெடுப்பு வேறு, அது தனி ஏற்பாடு.

எங்கள் ஊரில் காணும் பொங்கலன்று காலை 6:30 மணிக்கு, பெரிய மடைப் பக்கத்து ஆலமரத்தடியில் கூடுகிறோம். அன்றைக்கு அலங்காநல்லூர் ஜல்லிக்கட்டு, பையன்கள் வருவார்களா என்று ஆண்டுதோறும் ஒரு கவலை. 9 மணிக்குள் வீட்டுக்கு விட்டுவிடுகிறோம் என்று சொல்லித்தான் கூட்டிவருகிறோம். மிச்சக் காளைகளை டிவியில் பார்த்துக்கொள்ளலாம்.

ஏன் தையில்? கோடை விடுமுறையில் வைத்தால் பிள்ளைகளுக்கு வசதியாக இருக்குமே?

கோடையில் வைத்தால் பிள்ளைகள் இருப்பார்கள், தண்ணீர் இருக்காது. நம் பக்கத்துக் கண்மாய்கள் ஐப்பசி, கார்த்திகை மழையில் நிரம்பி, சித்திரை வைகாசியில் மீன்பிடித் திருவிழா நடத்துகிற அளவுக்கு வற்றிவிடுகிறவை. தையில்தான் தண்ணீர் ஒரு நிதானத்துக்கு வந்திருக்கும்: நடுவில் ஆழம், ஓரத்தில் சேறு. முக்குளிப்பானுக்கும் நீர்க்காகத்துக்கும் ஆழம் வேண்டும். உள்ளானுக்கும் பவளக்காலிக்கும் சேறு வேண்டும். இரண்டும் ஒரே கண்மாயில் கிடைக்கிற மாதம் இது.

இன்னொன்று, வலசை வரும் பறவைகள். ஊசிவால் வாத்து, நீலச்சிறகி, தகைவிலான், வாலாட்டி எல்லாம் வடக்கே கடுங்குளிருக்குத் தப்பி இங்கே வந்து தங்கியிருக்கும் சமயம். பங்குனிக்குள் பல கிளம்பிவிடும். சூறைக்குருவியைச் சோளக்காட்டுக்காரர்களுக்கு நன்றாகத் தெரியும். அது முட்டையிடுவது மத்திய ஆசியப் பக்கம், சாப்பிடுவது நம் சோளம்.

எனக்குப் பறவை பெயர் ஒன்றும் தெரியாது. நான் வந்து என்ன செய்ய?

தெரியாது என்கிறவர்களிடம் ஒரு சின்னச் சோதனை வைப்போம். காக்கை, மைனா, கிளி, மயில், குயில், புறா, செம்போத்து, மரங்கொத்தி, மீன்கொத்தி, பருந்து, கௌதாரி, ஆட்காட்டி, கரிச்சான், தவிட்டுக்குருவி, தூக்கணாங்குருவி. இதிலே எத்தனை தெரியும்? ஊரில் வளர்ந்த யாருக்கும் பத்துக்குக் குறையாது.

உண்மையில் எங்கள் கூட்டத்தில் மிகக் கூர்மையான கண் ஆடு மேய்க்கும் பெரியவர் ஒருவருடையது. அவருக்குப் புத்தகப் பெயர்கள் தெரியாது. "அந்தா, குருட்டுக் கொக்கு" என்று கை நீட்டுவார், நாங்கள் அரை நிமிடம் தேடுவோம். மடையானைத்தான் சொல்கிறார். மண்ணோடு மண்ணாக உட்கார்ந்திருக்கும். காலடியில் மிதிபடப் போகிற வரை நகராது, அதனால்தான் அதற்குக் கண் தெரியாது என்று ஊரில் பெயர் வைத்தார்கள். எழுந்து பறந்தால் திடீரென்று இறக்கை முழுக்க வெள்ளை. எதிரில் உட்கார்ந்திருந்ததைப் பார்க்க முடியாத குருடர்கள் நாம்தான்.

ஒவ்வொரு குழுவிலும் பெயர் தெரிந்தவர் ஒருவர், எண்ணுகிறவர் ஒருவர், எழுதுகிறவர் ஒருவர் என்று பிரித்துவிடுவோம். நீங்கள் எண்ணலாம். அதற்குப் பெயர் தெரிய வேண்டாம்.

காக்கையையும் மைனாவையும்கூடவா எண்ண வேண்டும்? அபூர்வமானதை மட்டும் எழுதினால் போதாதா?

ஆண்டுதோறும் நான் அதிகம் வாதாடுவது இந்தக் கேள்விக்குத்தான்.

ஈ-பேர்டில் பதிவை முடிக்கும்போது ஒரு கேள்வி வரும்: நீங்கள் அடையாளம் கண்ட எல்லாப் பறவைகளையும் எழுதிவிட்டீர்களா? "ஆம்" என்று சொல்ல முடிந்தால் அது முழுமையான பட்டியல். பறவைகள் கூடுகின்றனவா குறைகின்றனவா என்று ஆராய்கிறவர்கள் முழுமையான பட்டியல்களைத்தான் எடுத்துக்கொள்கிறார்கள். காரணம் எளிது. எல்லாவற்றையும் எழுதிய பட்டியலில் பனங்காடை இல்லையென்றால், அன்று அங்கே அது கண்ணில் படவில்லை என்று அர்த்தம். பிடித்ததை மட்டும் எழுதிய பட்டியலில் பனங்காடை இல்லையென்றால் ஒரு அர்த்தமும் கிடையாது. இல்லையா, எழுதவில்லையா என்று யாருக்குத் தெரியும்?

பனங்காடையைச் சும்மா சொல்லவில்லை. கரண்டுக் கம்பியில் உட்கார்ந்திருக்கும், பறக்கும்போது நீலம் வெடிக்கும், அந்தப் பறவைதான். எங்கள் சின்ன வயதில் அதை யாரும் திரும்பிக்கூடப் பார்த்ததில்லை, அவ்வளவு சாதாரணம். 2023-இல் வந்த 'இந்தியப் பறவைகளின் நிலை' அறிக்கை 942 வகைகளை ஆராய்ந்தது. அதில் 178 வகைகளுக்கு உடனடி அக்கறை தேவை என்றார்கள். பனங்காடையின் எண்ணிக்கை நாடு முழுக்கச் சரிந்துவருவதும் அதில் தெரிந்தது. அதற்கு ஆதாரம் ஏறத்தாழ 30,000 பேர் பதிவு செய்த சுமார் 3 கோடி குறிப்புகள். பனங்காடை எல்லா இடத்திலும் இருந்த காலத்தில் "இதை எதுக்கு எழுதணும்" என்று சலிக்காமல் எழுதியவர்களால்தான் இது தெரியவந்தது.

இன்றைக்குக் காக்கை அந்த இடத்தில் இருக்கிறது. எழுதுங்கள்.

நிற்காமல் பறக்கிறதை எப்படி எண்ணுவது?

பத்து இருபது என்றால் விரல் விட்டு எண்ணலாம். நூறைத் தாண்டினால் வேறு வழி. முதலில் பத்துப் பறவையைச் சரியாக எண்ணுங்கள். அந்தப் பத்து எவ்வளவு இடத்தை அடைக்கிறது என்று கண்ணால் அளந்துகொள்ளுங்கள். அந்த அளவு மொத்தக் கூட்டத்தில் எத்தனை முறை அடங்கும் என்று பாருங்கள். கல்யாண வீட்டில் ஒரு பந்திக்கு எத்தனை இலை என்று தெரிந்தால் சமையல்காரர் மொத்தக் கூட்டத்தைச் சொல்வாரே, அதே கணக்குதான்.

நாமக்கோழி எங்களுக்கு ரொம்ப உதவி, தண்ணீரில் மெதுவாகத்தான் நகரும். முக்குளிப்பான்தான் சோதிக்கும். ஆறு இருக்கும், மூன்று மூழ்கும், இரண்டு வேறு இடத்தில் எழும். இரண்டு மூன்று முறை எண்ணி, ஒரே நேரத்தில் அதிகபட்சம் எத்தனை தெரிந்ததோ அதை எழுதுகிறோம். சீழ்க்கைச்சிறகிக் கூட்டம் எழுந்து கண்மாயை ஒரு சுற்றுச் சுற்றி அங்கேயே இறங்கினால் மறுபடி எண்ணக் கூடாது. முதல் ஆண்டு அப்படித்தான் ஒரே கூட்டத்தை மூன்று முறை எண்ணினோம்.

எண்ணவே முடியவில்லை என்றால் எண்ணுக்குப் பதில் பெருக்கல் குறி போடலாம், "இருந்தது" என்று பொருள். ஆனால் தோராயமான எண்ணாவது போடுவது நல்லது. 200 என்பதற்கும் 20 என்பதற்கும் உள்ள வித்தியாசத்தைப் பெருக்கல் குறி சொல்லாது.

எனக்கு எல்லாமே கொக்காகத்தான் தெரிகிறது.

எல்லாருக்கும் அப்படித்தான் ஆரம்பிக்கும். அலகையும் காலையும் பாருங்கள். அலகு கறுப்பு, கால் கறுப்பு, பாதம் மட்டும் மஞ்சள் செருப்புப் போட்டதுபோல இருந்தால் சின்னக் கொக்கு. எருமைக்குப் பின்னாலோ உழுகிற டிராக்டருக்குப் பின்னாலோ போகிற, மஞ்சள் அலகும் குட்டைக் கழுத்தும் உள்ளது உண்ணிக்கொக்கு. கழுத்து பாம்பாக வளைந்து, ஆள் இடுப்புயரத்துக்கு நிற்பது பெரிய கொக்கு. அதன் வாய்க்கோடு கண்ணையும் தாண்டிப் போகும். நடுத்தரமாக ஒன்று இருக்கிறது, அதில் அனுபவசாலிகளே தடுமாறுவார்கள்.

பிரிக்க முடியாவிட்டால் "ஏதோ ஒரு வெள்ளைக் கொக்கு" என்று பதியவும் ஈ-பேர்டில் இடம் உண்டு. வெட்கப்படாமல் அதைப் போடுங்கள். தெரியாததைத் தெரிந்ததாக எழுதிய பட்டியலைவிட அது நூறு மடங்கு மேல்.

நாரைகள் சுலபம். அலகை மூடினாலும் நடுவில் சந்து தெரிந்தால் நத்தைகுத்தி. மஞ்சள் அலகும் வால் பக்கத்தில் ரோஸ் நிறமும் இருந்தால் மஞ்சள்மூக்கு நாரை.

தப்பாக எழுதிவிட்டால்?

நானே எழுதியிருக்கிறேன். எதிர்க்கரையில், வெயிலுக்கு எதிராக, ரோஸ் நிறமாக ஒரு வரிசை நின்றது. பூநாரை என்று பதிந்துவிட்டு ஊர் முழுக்கச் சொல்லியும் விட்டேன். இரண்டு நாளில் ஈ-பேர்டின் தன்னார்வச் சரிபார்ப்பாளர் ஒருவரிடமிருந்து மின்னஞ்சல்: "உள்நாட்டுக் கண்மாயில் பூநாரை அரிது. படம் ஏதும் இருக்கிறதா?" படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் அத்தனையும் மஞ்சள்மூக்கு நாரை. திருத்திவிட்டேன். டீக்கடையில் மட்டும் இன்னும் திருத்த முடியவில்லை, என்னைப் பார்த்தால் "பூநாரை வந்துருச்சா?" என்றுதான் விசாரிக்கிறார்கள்.

ஸ்மார்ட்போன் கட்டாயமா? அங்கே சிக்னலும் இல்லையே?

கட்டாயமில்லை. நோட்டும் பேனாவும் போதும். நேரம், இடம், எவ்வளவு தூரம் நடந்தீர்கள், பறவை, எண்ணிக்கை என்று எழுதித் தாருங்கள், நாங்கள் ஏற்றிவிடுவோம். ஈ-பேர்ட் செயலி வைத்திருப்பவர்கள் முந்தின நாளே நம் பகுதிக்கான தொகுப்பை இறக்கிக்கொண்டால் சிக்னல் இல்லாமலும் வேலை செய்யும், வீட்டுக்கு வந்து அனுப்பலாம்.

மெர்லின் என்ற இலவசச் செயலி குரலைக் கேட்டுப் பெயர் சொல்லும். நல்ல வாத்தியார். ஆனால் அது சொன்னதை அப்படியே பட்டியலில் ஏற்றாதீர்கள். அது சொன்ன பறவையை நீங்களும் பார்த்தோ கேட்டோ உறுதி செய்த பிறகே எழுதுங்கள். கரிச்சான் வல்லூறைப்போலக் கத்தி ஏமாற்றும், மனிதரையே ஏமாற்றும் அதற்குப் போன் எம்மாத்திரம்?

மழை பொய்த்துக் கண்மாய் வறண்டு கிடந்தால் அந்த ஆண்டு ரத்தா?

இல்லை. வறண்ட ஆண்டில்தான் கட்டாயம் போக வேண்டும். கட்டாந்தரையில் மஞ்சள்மூக்கு ஆட்காட்டி இருக்கும், நெட்டைக்காலி இருக்கும், சீமைக்கருவேலத்துக்குள் தவிட்டுக்குருவிகள் ஏழெட்டாகச் சண்டை போட்டுக்கொண்டிருக்கும். வாத்து பூஜ்யம், நாரை பூஜ்யம். நிறைந்த ஆண்டின் கணக்கோடு அந்தப் பூஜ்யத்தையும் பக்கத்தில் வைத்தால்தான், கண்மாய்க்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்கால் அடைபட்டால் ஊர் எதை இழக்கிறது என்று காட்ட முடியும்.

செல்போன் டவரால் சிட்டுக்குருவி அழிந்துவிட்டதாமே?

டவர்தான் காரணம் என்பதற்கு உறுதியான ஆதாரம் இல்லை. சிட்டுக்குருவி அழிந்துவிட்டது என்பதும் சரியில்லை. 2020-இல் வெளியான 'இந்தியப் பறவைகளின் நிலை' அறிக்கைப்படி, நாடு முழுவதையும் சேர்த்துப் பார்த்தால் 25 ஆண்டுகளாகப் பெரிய மாற்றமில்லை. சென்னை உட்பட்ட பெருநகரங்களில்தான் குறைந்திருக்கிறது. குஞ்சுக்குப் புழு பூச்சி வேண்டும், கூட்டுக்குச் சந்து பொந்து வேண்டும். காங்கிரீட் பெட்டிகளில் இரண்டும் இல்லை. நம் ஊரில் ஓட்டு வீடுகள் உள்ள தெருவில் நின்று 15 நிமிடம் எண்ணிப் பாருங்கள், பிறகு புதுக் காலனியில் எண்ணுங்கள்.

மயில் எங்கள் நெல்லையும் கடலையையும் தின்று தீர்க்கிறது. அதை எண்ணி அழகு பார்க்கப் போகிறீர்களா?

அழகு பார்க்கிற எண்ணம் இல்லை அண்ணே. உங்கள் கோபம் நியாயம்தான். மயில்கள் பெருகியிருப்பதை அதே அறிக்கைகளும் சொல்கின்றன. 1963 முதல் தேசியப் பறவை, 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது, விஷம் வைத்தால் சிறைதான். எண்ணுவதால் நாளைக்கே நிவாரணம் வந்துவிடும் என்று நான் பொய் சொல்ல மாட்டேன். ஆனால் "நிறைய வருது சார்" என்று மனுவில் எழுதுவதைவிட, ஐந்து ஆண்டாக, அதே வயலில், அதே நேரத்தில் எத்தனை என்று எண்ணாகக் காட்டுவது கனமானது. உங்கள் கடலைக் காட்டிலேயே ஒரு பட்டியல் போடுவோம், வாருங்கள்.

பறவை நிறைய என்று எழுதினால் சரணாலயமாக்கி, மீன் பிடிக்க விடாமல் செய்துவிடுவார்களோ?

எங்கள் கண்மாய் மீன் குத்தகைக்காரர் முதல் ஆண்டே இதைக் கேட்டார். பட்டியல் போட்டதாலேயே எதுவும் சரணாலயம் ஆகாது. அதற்கு அரசு அறிவிப்பு, சட்ட நடைமுறை எல்லாம் உண்டு. ஆனாலும் அந்தப் பயத்தைக் கேலி செய்ய நான் தயாரில்லை. கண்மாய் ஊருக்குச் சோறு போடுவது.

அதேநேரம், பறவையும் ஊரும் சேர்ந்து வாழ்ந்ததற்கு நம் பக்கத்திலேயே சாட்சி இருக்கிறது. சிவகங்கை மாவட்டம் வேட்டங்குடி, கொள்ளுக்குடிப்பட்டியில் பறவைகள் மிரளும் என்று தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. திருநெல்வேலி மாவட்டம் கூந்தன்குளத்திலும் அதே வழக்கம். இமயமலைக்கு மேலே பறந்துவரும் வரித்தலை வாத்து அந்தக் குளத்துக்கு வருகிறது. வேடந்தாங்கலில் 1790-களிலேயே, வெள்ளைக்காரச் சிப்பாய்கள் கொக்கைச் சுடுகிறார்கள் என்று ஊர்க்காரர்கள் கலெக்டரிடம் முறையிட்டுத் தடை வாங்கினார்கள். காரணம் வெறும் இரக்கம் மட்டுமில்லை. எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் பாய்ந்தால் வயலுக்கு உரம். கணக்குத் தெரிந்த சம்சாரிகள்.

பண்டிகை நாளில் பறவை எண்ணுவது எங்கிருந்து வந்த பழக்கம்?

அமெரிக்காவில் கிறிஸ்துமஸ் அன்று அணி பிரிந்து, யார் அதிகம் சுடுவது என்று போட்டி வேட்டைக்குப் போவார்கள். 1900-இல் பிராங்க் சாப்மன் என்ற பறவையியலாளர், சுடுவதற்குப் பதில் எண்ணுவோமே என்றார். அந்த முதல் ஆண்டு 27 பேர் எண்ணினார்கள். இன்றும் நடக்கிறது. நம் பக்கத்திலும் சில ஊர்களில் பண்டிகையை ஒட்டி நாயும் தடியுமாக முயல் வேட்டைக்குப் போவது உண்டு. இப்போது அது சட்டப்படி குற்றம். வேட்டைக்குப் போய்ப் பழகிய ஒருவர் எங்களோடு வருகிறார். சருகு அசைந்தாலே காடையா கௌதாரியா என்று சொல்லிவிடுவார்.

கூடு, அடையும் மரம் இருக்கிற இடத்தைப் பதிந்தால் கண்ணி வைக்கிறவர்களுக்கு வழி காட்டினதாக ஆகாதா?

ஆபத்தில் உள்ள சில வகைகளின் இடத்தை ஈ-பேர்டே மறைத்துவிடும். மற்றபடி கூட்டின் படத்தை வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போடாதீர்கள். தையில் நீர்ப்பறவைகள் பல கூடு கட்டியிருக்கும் காலம், கூடுள்ள மரத்தடிக்கு யாரும் போகக் கூடாது. போனில் குரலை ஒலிக்கவிட்டுப் பறவையை வரவழைப்பதும் வேண்டாம்.

என்ன கொண்டுவர வேண்டும்? பிள்ளைகளைக் கூட்டிவரலாமா?

தண்ணீர், தொப்பி, மூடிய செருப்பு அல்லது ஷூ. பளிச்சென்ற சட்டை வேண்டாம், புதுப் பொங்கல் சட்டை என்றால் சேறு படும் என்பதற்காகவும் வேண்டாம். இருநோக்கி இருந்தால் நல்லது, எங்களிடம் மூன்று இருக்கிறது, மாற்றி மாற்றிப் பார்க்கலாம். பிள்ளைகள் கட்டாயம் வரட்டும், கரையை விட்டு உள்ளே இறங்கக் கூடாது. கலுங்குப் பக்கம் பாசி வழுக்கும். புல்லுக்குள் கையை விடாதீர்கள், கண்ணாடி விரியன் உள்ள இடம். யாரையாவது கடித்தால் கீறுவதோ இறுக்கிக் கட்டுவதோ கிடையாது, 108-ஐ அழைத்து நேராக அரசு மருத்துவமனை.

பறவை மட்டும்தானா? தட்டான், பட்டாம்பூச்சி, தவளை?

அன்றைக்குப் பறவைதான். மற்றதைப் படம் எடுத்து, எல்லா உயிர்களையும் பதிகிற ஐ-நேச்சுரலிஸ்ட் என்ற இணையத்தளத்தில் போடலாம்.

காலைச் சாப்பாடு உண்டா?

உண்டு. முந்தின நாள் பொங்கல் மிச்சம், மடைக்காரர் வீட்டுக் கரும்பு, தூக்குவாளியில் டீ. தட்டும் டம்ளரும் அவரவர் கொண்டுவர வேண்டும். கரும்புச் சக்கையைக் கரையில் துப்பாதீர்கள், போன ஆண்டு அதைப் பொறுக்கவே அரை மணி நேரம் ஆயிற்று.